பழைய காரில் ஏ.சி. பம்ப் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியும் பாதுகாப்பாக மாற்றும் முறையும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் “பெட்ரோல் பம்ப் போய்விட்டது” என்று சொன்னால், எந்த பங்க்கை மூடிவிட்டார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோலை இழுத்துத் தரும் சின்னப் பம்புக்கு மெக்கானிக்குகளிடம் வழங்கும் பெயர் “ஏ.சி. பம்ப்” என்பதுதான். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்பவருடைய பெயரின் முதல் எழுத்துகள் ஒரு கம்பெனியின் முத்திரையாகி, அந்த முத்திரையே பிறகு பொருளின் பெயராகிவிட்டது. பழைய சாமான் கடையில் போய்க் கேட்கும்போது இந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

என்னிடம் இருப்பது வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 948 சிசி எஞ்சின். கீழே சொல்பவை அந்த வண்டியில் கை வைத்துக் கற்றவை என்றாலும், எஞ்சின் பக்கவாட்டில் டயாஃப்ரம் (வளையும் ரப்பர் சவ்வு) வகைப் பம்ப் பொருத்திய எந்தப் பழைய காருக்கும், பத்மினி உட்பட, பெரும்பாலும் பொருந்தும். மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் டிக் டிக் என்று அடிக்கும் மின்சாரப் பம்ப் இருக்கும். அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி பின்னால் வருகிறது.

பம்புக்குள் நடப்பதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் அறிகுறிகள் தாமாகவே பேசும். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டில் மையம் விலகிய வட்டம் ஒன்று இருக்கிறது. அது பம்பின் நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் டயாஃப்ரத்தைக் கீழே இழுக்கிறது. அப்போது உள்வால்வு திறந்து டேங்கிலிருந்து பெட்ரோல் வருகிறது. பிறகு டயாஃப்ரத்தின் அடியிலுள்ள ஸ்பிரிங் அதை மேலே தள்ள, வெளிவால்வு வழியாகப் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. ஆகவே இழுப்பது எஞ்சின், தள்ளுவது ஸ்பிரிங். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பி ஊசி வால்வு அடைத்துக்கொண்டால் டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடும், நெம்புகோல் மட்டும் வெறுமனே ஆடும். அழுத்தம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங்தான் என்பதால்தான் இவ்வகைப் பம்புகள் 1.5 முதல் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரையிலான மென்மையான அழுத்தத்தோடு நிற்கின்றன. கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், எஞ்சின் இரண்டு சுற்றுக்குப் பம்ப் ஒரு முறை அடிக்கும்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் அலட்சியப்படுத்தக் கூடாத ஆபத்து. அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றக் கூடிய ஆவியை விடும் பொருள். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, ஆகையால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, தாழ்வான இடத்தில், அதாவது சாக்கடைக் கால்வாயிலும் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கடியிலும் போய்த் தங்கும். வடசென்னையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. நம் கார் நிற்கும் போர்ட்டிகோவில் இருந்து நாலடியில் பக்கத்து வீட்டு மெட்ரோ வாட்டர் மோட்டார் இருக்கும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தவுடன் அதன் சுவிட்சைத் தட்டுவார்கள், சுவிட்சில் பொறி வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணிக் கரண்டி வாசல் வரை வரும். நாலு கடை தள்ளி வெல்டிங் பட்டறை இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே வேலையைத் தண்ணீர் வராத நேரத்தில், பகல் வெளிச்சத்தில், காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் “ஒரு மணி நேரம் மோட்டார் போடாதீங்க அக்கா, வண்டியில பெட்ரோல் வேலை” என்றால் உடனே புரிந்துகொள்வார்.

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் உலர் இரசாயனப் பொடித் தீயணைப்பான் ஒன்றும், ஒரு வாளி உலர்ந்த மணலும் இருக்கட்டும்; காசிமேட்டிலிருந்து அள்ளி வந்த ஈர மணல் உதவாது, தண்ணீர் ஊற்றுவது எரியும் பெட்ரோலைப் பரப்பவே செய்யும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். கம்பியில் தொங்கும் குண்டு பல்பு விழுந்து உடைந்தால் அதன் சூடான இழையே தீக்குச்சி.

பேட்டரியில் எந்த முனையைக் கழற்றுவது என்பதில் பழைய வண்டிக்காரர்கள் தடுமாறுவது வழக்கம். அக்காலத்து வண்டிகள் சிலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது நெகட்டிவ் அல்ல, பாசிட்டிவ். நிறத்தைப் பார்க்காதீர்கள், எந்தக் கேபிள் பாடி இரும்பில் போல்ட் போடப்பட்டிருக்கிறதோ அந்தக் கேபிளையே முதலில் கழற்றுங்கள். மற்ற முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய பொறி தெறிக்கும் என்பதே காரணம்.

தெருவோர வைத்தியம் இரண்டை முற்றாக விட்டுவிட வேண்டும். ஒன்று, கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பது. எஞ்சின் ஒரு முறை திருப்பி உமிழ்ந்தால் கையிலிருக்கும் பாட்டில் எரியும். மற்றது, ஓஸை (ரப்பர் குழாயை) வாயில் வைத்து உறிஞ்சுவது. பெட்ரோல் நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனாலே கடுமையான அழற்சி வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், ஏனென்றால் வாந்தியின்போதே அது நுரையீரலுக்குள் இறங்கும்.

அறிகுறி: எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாசனை, அல்லது பம்பின் அடியில் ஈரம்

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற அறிகுறிகளில் வண்டி உங்களை நடுவழியில் விட்டுவிடும், அவ்வளவுதான். இதில் எஞ்சினையே இழக்க நேரிடும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இரண்டு வழியாகப் போகலாம். பம்பின் கீழ்ப்பாகத்தில் குண்டூசி நுழையும் அளவுத் துளை இருந்தால் அதன் வழியே வெளியே சொட்டும். அந்தத் துளை தூசியும் ஆயிலும் சேர்ந்து அடைத்துக் கிடந்தால் நெம்புகோல் வழியே எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும்.

டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதா, நீங்கள் ஊற்றாமலே கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளியை விரலிடுக்கில் தேய்த்து முகர்ந்தால் ஐயம் தீர்ந்துவிடும்: நல்ல ஆயில் விரலில் வழுவழுவென்று நூல் போல இழுபடும், பெட்ரோல் கலந்தது தண்ணீர்ப்பதமாகி விரலைக் குளிர வைக்கும். அப்படியிருந்தால் செல்ஃபைத் தொடவே கூடாது. நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்குகள் தேய்வது ஒரு புறம், சம்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) தேங்கிய ஆவி பற்றிக்கொள்ளும் அபாயம் மறுபுறம். பம்பை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் எஞ்சினை ஓட விட வேண்டும். பம்பை மட்டும் மாற்றிவிட்டு “அடுத்த மாதம் ஆயில் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஓட்டுவது சிக்கனம் அல்ல.

இன்றைக்கு இந்தக் கோளாறு பெருகுவதற்குப் பெட்ரோலே ஒரு காரணம். 2022இல் நாட்டில் சராசரி எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது, 2025இல் 20 சதவீதக் கலப்பே பங்க்குகளில் வழக்கமாகிவிட்டது. அறுபதுகளின் ரப்பர் டயாஃப்ரமும் கார்க் பேக்கிங்கும் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பி, பிறகு காய்ந்து வெடித்துப்போகின்றன. முப்பது வருடம் அட்டைப்பெட்டியில் தூங்கிய “ஒரிஜினல்” பம்ப் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன், அதனுள்ளே இருக்கும் டயாஃப்ரத்துக்கும் அதே முப்பது வயது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செல்ஃப் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பிளக்கில் பொறி வருவதை உறுதி செய்துகொண்டபின் பெட்ரோல் பக்கம் வாருங்கள். பம்பின் பக்கவாட்டில் கையால் இயக்கும் சின்ன நெம்புகோல் இருக்கும். ஹெரால்டில் பானெட் முன்புறமாகச் சாய்ந்து, மட்கார்டுகளும் கூடவே எழுந்துவிடுவதால், டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே அதை எட்டிவிடலாம். அந்த ஒரு வசதிக்காகவே அந்த வண்டியை வடிவமைத்தவர்களைக் கும்பிடத் தோன்றும். நெம்புகோலை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். கையில் ஸ்பிரிங்கின் எதிர்ப்புத் தெரிந்து, சில அடிகளுக்குப் பிறகு அந்த எதிர்ப்பு மறைந்தால், மிதவை நிரம்பிவிட்டது, பம்ப் உயிரோடு இருக்கிறது.

முதல் அடியிலேயே நெம்புகோல் தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் “பம்ப் செத்துவிட்டது” என்று பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கேமின் மேடு நெம்புகோலை முழுவதும் தள்ளிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், டயாஃப்ரம் ஏற்கெனவே கீழே இழுக்கப்பட்டிருக்கும். கைக்கு வேலை இருக்காது. எஞ்சினை ஹேண்டில் போட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கேம் அரைச் சுற்றுத் திரும்பும். பிறகு மறுபடி அசைத்துப் பாருங்கள். இந்த ஒரு சுற்றைச் சுற்றாமல் நல்ல பம்புகளைக் கழற்றி எறிந்தவர்கள் நிறைய.

இன்னமும் சந்தேகமாக இருந்தால் கார்புரேட்டரில் நுழையும் பைப்பைக் கழற்றி, அதன் முனையில் ஒரு முழ நீளத்துக்குப் பெட்ரோல் தாங்கும் ஓஸை மாட்டி, எஞ்சினிலிருந்து தள்ளி வைத்த உலோகக் கேனில் விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். பெட்ரோல் விழும்போது நிலைமின்சாரம் சேரும், வெளியேற வழியில்லாமல் நிற்கும். செல்ஃப் போட்டுச் சோதிப்பதைவிடக் கை நெம்புகோலாலேயே சோதிப்பது நல்லது, அதில் பொறிக்கே வேலை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் திடமாக ஒரு பீய்ச்சல் வர வேண்டும். ஓஸ் முனையைக் கேனிலுள்ள பெட்ரோலுக்குள் அமிழ்த்திப் பிடித்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கும்: குமிழிகள் விடாமல் வந்துகொண்டேயிருந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று நுழைகிறது. இழுக்கும் பக்கத்து ஓஸில் வெடிப்பிருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். தரை காய்ந்திருக்கிறது என்பதால் லைன் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கடல் காற்றடிக்கும் ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து வண்டிகளில் பாடியின் அடியில் ஓடும் இரும்புப் பைப், கிளிப்புக்கு அடியில் உப்பேறித் துளை விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கிளிப்பைக் கழற்றாமல் அந்தத் துளை கண்ணுக்குப் படாது.

எதுவுமே வராவிட்டால் பம்பின் உள்பைப்பைக் கழற்றி, அந்த வாயில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நெம்புகோலை அசையுங்கள். விரலை உள்ளே இழுத்துப் பிடித்து, அசைப்பதை நிறுத்திய பிறகும் சில நொடி விடாமல் நின்றால் பம்ப் நன்றாக இருக்கிறது, குற்றம் டேங்க் பக்கம். இழுப்பே இல்லை, அல்லது இழுத்தவுடன் விட்டுவிடுகிறது என்றால் டயாஃப்ரமோ வால்வோ போய்விட்டது, இப்போதுதான் பம்புக்குச் செலவு செய்யலாம்.

அறிகுறி: இரண்டு மூன்று நாள் நின்றால் மட்டும் ஸ்டார்ட்டிங் டிரபிள்

பம்பின் வால்வு சரியாக உட்காராமல் லைனிலுள்ள பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது, அல்லது கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் வெயிலில் ஆவியாகிவிடுகிறது. கை நெம்புகோலால் நிரப்பிவிட்டுச் செல்ஃப் போட்டால் ஒரே அடியில் பிடிக்கும். இதற்காக மட்டும் நான் பம்பை மாற்ற மாட்டேன்.

அறிகுறி: ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிறது, மேம்பாலம் ஏறும்போது இருமி நின்றுவிடுகிறது

பம்பின் மேல் பழி விழுவது இங்கேதான் அதிகம், அது நிரபராதியாக இருப்பதும் இங்கேதான் அதிகம். எஞ்சின் கூடுதலாகக் கேட்கும்போது வரத்து போதவில்லை என்பது மட்டுமே இந்த அறிகுறி சொல்லும் செய்தி. எங்கே தடை என்று அது சொல்வதில்லை.

என் கதையே அதற்குச் சாட்சி. ஒரு பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்த இரண்டாவது வாரம், மின்ட் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி மூச்சுவிட முடியாமல் நின்றது. ஐந்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி ஓடியது, பிறகு நின்றது. புதுப்பேட்டைக்குப் போய்ப் பம்ப் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து மாற்றினேன். அடுத்த நாள் அதே பாலத்தில் அதே இடத்தில் நின்றது. பாலத்தடியில் வண்டியைத் தள்ள உதவிய வயதான டாக்சி மெக்கானிக் ஒருவர் எஞ்சின் பக்கமே வரவில்லை. “தம்பி, டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா?” என்றார். “இல்லண்ணே.” திறந்தேன், புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டது. மூடியில் காற்று புகுவதற்காக இருந்த ஊசித்துளையின் மேல் புதுப் பெயிண்ட் அழகாகப் படிந்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டேங்க் விட மறுத்திருக்கிறது. ஒரு குண்டூசியால் தீர்ந்த விஷயத்துக்கு ஒரு பம்ப் செலவு.

ஆகவே இந்த அறிகுறியில் வரிசை இதுதான்: வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து ஓசை கேளுங்கள். ஓசையில்லை என்றால் லைன் ஃபில்டரைப் பாருங்கள். பம்பின் தலையில் கண்ணாடிக் குடுவை இருக்கும் வகையானால் அதன் அடியில் துருவும் நீர்த்துளியும் தங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நீர் பெட்ரோலுக்கு அடியில் தனி முத்தாக உருளும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகளில் வண்டியை நிறுத்துகிறவர்கள் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு டேங்கை ஒரு முறையாவது வடித்துக் கழுவியிருக்க வேண்டும். கழுவாவிட்டால் எத்தனால் அந்த நீரையும் இழுத்துக்கொண்டு அடியில் தனிப் படலமாகப் பிரிந்து நிற்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்தப் படலத்தைத்தான். டேங்கின் உள்பைப்பில் துருச் செதில் வந்து அடைத்து, வண்டி நின்றதும் கீழே விழுந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். கார்புரேட்டர் வாசலிலுள்ள சின்ன வலையையும் மறக்க வேண்டாம். இத்தனையும் சுத்தமாக இருந்து, கேனில் விழும் பீய்ச்சல் மட்டும் பலவீனமாக இருந்தால், ஸ்பிரிங் சோர்ந்த பம்ப் என்று முடிவு செய்யலாம்.

அறிகுறி: சூடானபின் டிராஃபிக்கில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

கத்திரி வெயிலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஊர்ந்தால், பானெட்டுக்கு அடியில் காற்றோட்டமே இருக்காது. பெட்ரோலின் இலேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும், பம்ப் இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் அதற்கும் முன்பே. பம்ப் திரவத்தைத் தள்ளத் தெரிந்த கருவி. ஆவியை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருக்குமே தவிர நகர்த்தாது.

சோதனை எளியது. எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படாமல். பத்து நிமிடத்தில் ஓடினால் வேப்பர் லாக், அதாவது லைனில் ஆவி அடைப்பு. பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் சூடாகிச் செத்தாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதால், நின்ற நிமிடத்திலேயே பொறியும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மருந்து பம்ப் மாற்றுவது அல்ல. பெட்ரோல் பைப், சைலன்சர் மேனிஃபோல்டை உரசிப் போகிறதா, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த கனமான வெப்பத்தடுப்புப் பேக்கிங்கை யாரோ எடுத்துவிட்டு மெல்லிய காகிதப் பேக்கிங் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதே.

அறிகுறி: கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது

பெரும்பாலும் ஊசி வால்வில் குப்பை. ஆனால் பம்ப் மாற்றிய பிறகே தொடங்கியது என்றால் பம்பின் மேலும் சந்தேகப்படலாம். பேக்கிங் மெல்லியதாகப் போனால் நெம்புகோல் கேமுக்கு நெருங்கி வந்து, டயாஃப்ரத்தை அளவுக்கு மீறி இழுத்து அழுத்தத்தை உயர்த்தும். மிகத் தடித்தால் வரத்துக் குறையும். பழைய பேக்கிங்கின் கனத்தை அளந்து அதே கனத்தில் போடுவதே பாதுகாப்பு.

மின்சாரப் பம்ப் வண்டிகளுக்குச் சுருக்கமாக: சுவிட்ச் போட்டவுடன் சில டிக்குகள் அடித்து நின்றால் நலம். நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை அல்லது காற்று நுழைகிறது. அடிக்கவே இல்லை என்றால் பாயிண்ட் (பம்புக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் தொடுமுனை) கருகியிருக்கும், அல்லது எர்த் விட்டிருக்கும். ஸ்பேனரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் அடிக்கத் தொடங்குவது பாயிண்ட் கோளாறுக்கு அடையாளம். மெக்கானிக்கல் பம்புக்குப் பதிலாக இன்ஜெக்ஷன் வண்டியின் மின்சாரப் பம்பை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 3 பிஎஸ்ஐ தாங்கும் ஊசி வால்வு 40 பிஎஸ்ஐயைத் தாங்காது, பெட்ரோல் நேரே சூடான மேனிஃபோல்டின் மேல் வழியும்.

மாற்றும் வேலை

புதுப் பம்பையும் பழையதையும் ஒரு துணியின் மேல் அருகருகே வைத்து, நெம்புகோலின் நீளம், வளைவு, கேமைத் தொடும் முகம், போல்ட் துளைகளின் இடைவெளி, பைப் வாய்களின் திசை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். படமாக எடுத்து வைத்தால் பைப்புகளை மாற்றி மாட்டும் தவறும் வராது. நெம்புகோல் வளைவில் சிறு வேறுபாடு இருந்தால்கூட அந்தப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே மாட்டியபின் அது உடைந்தால் துண்டு விழும் இடம் சம்ப்.

டேங்க் நிரம்பியிருந்தால் பெட்ரோலின் மட்டம் பம்பைவிட உயரத்தில் இருக்கும், பைப்பைக் கழற்றியவுடன் தானே வழியத் தொடங்கும். ஆகவே டேங்கில் கொஞ்சமாக இருக்கும் நாளில் இந்த வேலையைச் செய்யுங்கள். உள்ஓஸை அடைக்கப் பொருத்தமான ஒரு போல்ட்டையோ முனையுருண்ட கட்டையையோ முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். யூனியன் நட்டைக் கழற்றும்போது பம்பின் பக்கத்து அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றொரு ஸ்பேனரால் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் திருப்பினால் நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொள்ளும், அறுபது வருடப் பைப் ஒரு முறைதான் முறுக்கும்.

பைப்புகளை அடைத்தபின் எஞ்சினை ஹேண்டிலால் திருப்பி, நெம்புகோலின் மேல் கேமின் தள்ளுதல் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு நட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் பம்ப் வெளியே வரும். தள்ளுகோல் வைத்த எஞ்சினாக இருந்தால் அது வழுக்கி விழாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உடனே எஞ்சின் துளையில் பஞ்சு உதிராத சுத்தமான துணியை அடைத்துவிட்டு, பழைய பேக்கிங்கை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். சுரண்டிய துகள் உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தான் துணி. மாட்டும்போது அதை எடுக்க மறந்தால் அதுவும் சம்புக்குத்தான் போகும், அதனால் துணியின் நுனி வெளியே நீளமாகத் தொங்கட்டும்.

முழுப் பம்புக்குப் பதிலாக ரிப்பேர் கிட் போடுவதானால், பிரிப்பதற்கு முன் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. வகையில் டயாஃப்ரத்தை அழுத்திக்கொண்டு கால் சுற்றுத் திருப்பினால் அதன் தண்டு நெம்புகோல் இணைப்பிலிருந்து விடுபடும், மாட்டுவதும் அப்படியே. எல்லாரும் தவறவிடும் இடம் கடைசி இறுக்கம். சுற்றியுள்ள ஸ்குரூக்களை முதலில் விரலளவில் மட்டும் போட்டு, நெம்புகோலை முழு வீச்சுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக இறுக்க வேண்டும். சும்மா இறுக்கினால் டயாஃப்ரம் விறைப்பாக மாட்டிக்கொண்டு முழு வீச்சு போக முடியாமல், சில மாதங்களில் விளிம்பில் கிழிந்துவிடும். எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள்.

புதுப் பேக்கிங்கோடு பம்பை வைக்கும்போது நெம்புகோலில் சிறிது எஞ்சின் ஆயில் தடவி, கேமின் சரியான பக்கத்தில் அது உட்காருகிறதா என்று விரலால் உணருங்கள். பம்பின் முகம் எஞ்சினோடு ஏறக்குறையத் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும், ஸ்பிரிங்கின் இலேசான எதிர்ப்பு மட்டுமே தெரிய வேண்டும். அரை விரற்கடை இடைவெளி விட்டு நின்று, போல்ட்டால் இழுத்தால்தான் சேரும் என்ற நிலையானால் நெம்புகோல் தவறான இடத்தில் இருக்கிறது. இறுக்கினால் ஒன்று நெம்புகோல் உடையும், இல்லையென்றால் பம்பின் காது உடையும். வெளியே எடுத்து மறுபடி வையுங்கள்.

ஓஸ்களை இந்த வேலையோடேயே மாற்றிவிடுவது என் பழக்கம். எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஓஸ் போதுமானது. தண்ணீர் ஓஸைப் போட்டால் உள்தோல் உரிந்து கார்புரேட்டரை அடைக்கும்.

சோதித்துப் பார்ப்பது

பேட்டரியை இணைப்பதற்கு முன்பே, கை நெம்புகோலால் மிதவை நிரம்பும் வரை அடித்து, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். டிஷ்யூ காகிதத்தில் ஒரு புள்ளி ஈரம் கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. சிந்திய பெட்ரோலைத் துடைத்த துணியைத் திறந்த வெளியில் விரித்து உலர விடுங்கள். சாக்கடையில் போடவோ கேனிலிருப்பதை அங்கே கொட்டவோ கூடாது. வாசனை முற்றிலும் போன பிறகு பேட்டரியை இணைத்து, கையில் தீயணைப்பானோடு ஒருவர் நிற்க, எஞ்சினை ஓட விடுங்கள். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் மறுபடி அதே காகிதச் சோதனை. சூட்டில் பேக்கிங் இளகுவதால் இரண்டு நட்டுகளையும் எஞ்சின் ஆறியபின் ஒரு முறை தொட்டு இறுக்கிவிடுங்கள்.

இரவு பம்புக்கு நேர் கீழே ஒரு முழுத்தாள் செய்தித்தாளை விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிடுங்கள். காலையில் மெட்ரோ வாட்டர் மோட்டார் ஓடத் தொடங்குவதற்கு முன் எழுந்து, தாளில் வட்டக் கறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிப் ஸ்டிக்கையும் இழுத்து முகருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஆயில் மட்டத்தை மறுபடியும் பாருங்கள். கோடு இருந்த இடத்திலேயே இருந்தால் பழைய பம்பைக் குப்பையில் போடாமல், பிரித்துக் கழுவி, அடுத்த ரிப்பேர் கிட்டுக்காக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.